பாட்டை நிறுத்தச் சொன்ன நாள்

ஆண்டவருடைய பிள்ளைகளே, என் ஜெபத்துக்குப் பதில் கிடைத்தது. ஆனால் அன்று நான் செய்ததை ஜெபம் என்று சொன்னால் உங்களில் சிலருக்குப் பிடிக்காது. அது சண்டை.

வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில்தான் எங்களுக்கு வேலை. போன டிசம்பரில் ஒரு காலை, அன்றைய வேலைக்குப் பெரட்டில் பேர் கொடுக்கக் கிளம்பிய என் கணவர் சாமுவேல், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வாயுதான் புள்ள, இஞ்சித் தண்ணி போடு" என்றார்.

நான் அடுப்புப் பக்கமே போகவில்லை. ஆட்டோவைக் கூப்பிட்டேன். பக்கத்து ஆஸ்பத்திரியில் பார்த்ததும் மாரடைப்பு என்று சொல்லி, அம்புலன்சில் கண்டிக்கு அனுப்பினார்கள். வழியெல்லாம் மழை. மழையைவிட மோசமான பாதை.

கண்டியில் உடனே அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். செய்தி தோட்டத்துக்குப் போன கையோடு நம் ஜெபக்குழு ஃபோனில் வந்துவிட்டது. எல்லாரும் ஸ்தோத்திரப் பாட்டு! அந்த நேரம் பார்த்துத் தாதி வெளியே வந்தார்.

"அக்கா, பெரிய குழாய் தொறந்திருச்சு. ஆனா அதுக்கப்புறம் இருக்கிற சின்னச் சின்னக் குழாய்ல ரத்தம் சரியா போகல. மருந்து குடுத்துக்கிட்டு இருக்காங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மெயின் குழாயில் தண்ணீர் வந்து லயத்து வீடுகளின் பீலிக் குழாயில் வராவிட்டால் யாராவது நன்றி சொல்வார்களா?

"பாட்ட நிறுத்துங்க! இன்னும் ஒண்ணும் முடியல!" என்று கத்திவிட்டேன்.

பாட்டு நின்றது. பாஸ்டரம்மா மட்டும் மெதுவாக, "அப்ப என்ன கேக்கணும்னு சொல்லு தங்கச்சி" என்றார்.

"சின்னக் குழாய்ல ரத்தம் ஓடணும்னு கேளுங்கக்கா. வேற ஒண்ணும் வேணாம்."

அவர்கள் அதையே கேட்டார்கள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். "ஆண்டவரே, பாதி வேலைய செஞ்சிட்டு விட்டுட்டுப் போறதா? இதுக்கா இம்புட்டுத் தூரம் கூட்டிட்டு வந்தீங்க?" என்று வாய்விட்டே கேட்டேன். கண்ணீர்கூட வரவில்லை, அவ்வளவு எரிச்சல்.

கடைசியில் டொக்டரே வந்தார். "தென் லே ஹொந்தட்ட யனவா" என்றார். இப்போது இரத்தம் நன்றாக ஓடுகிறது. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் இதைவிட நல்ல வார்த்தை கிடையாது. நேரத்தோடு கொண்டுவந்ததும் நல்லது என்றார். அப்போதுதான் அழுதேன்.

முன்பெல்லாம் பயந்து பயந்து, "உம்முடைய சித்தம்" என்று ஜெபத்தைச் சுருக்கமாக முடித்துவிடுவேன். இப்போது குறையைக் குறை என்றே சொல்கிறேன். என் வீட்டுக்காரரும் மாத்திரையைத் தவறாமல் போடுகிறார், இல்லாவிட்டால் நான் விடுவேனா?

நீங்களும் நம்புங்கள். நெஞ்சு வலித்தால் முதலில் வண்டியைக் கூப்பிடுங்கள், ஜெபத்தை வண்டிக்குள் வைத்துக்கொள்ளலாம். கோபம் வந்தால் கோபத்தோடேயே கேளுங்கள். என் கத்தலையே பொறுத்துக்கொண்டவர், உங்களையா வேண்டாம் என்று சொல்லப்போகிறார்?