பொம்பிளைக் கார்

எங்கள் குடும்பத்தில் இரண்டு பழைய கார்கள் இருந்தன. இரண்டுமே என் மகளைவிட வயது கூடியவை. சின்னது என் கணவருடைய வெள்ளைச் சின்குவெசெந்தோ என்கிற இத்தாலியக் குட்டிக் கார். பெரியது என் தம்பியுடைய கறுப்புக் கார். நாலு கதவு, முன்னுக்கு வெள்ளிப் பல் வைத்த மாதிரி ஒரு கம்பி வரிசை. எது திறம் என்று அத்தானும் மச்சானுமான இவர்கள் இருவரும் பலெர்மோவில் நடக்கிற எல்லா விசேஷத்திலும் வாதாடுவார்கள்.

நான் இரண்டிலும் இருந்து போனவள், அதனால் சொல்லலாம். பெரியதில் கையில் தேத்தண்ணீர் வைத்திருந்தாலும் சிந்தாது. ஏற்றத்தில் முனகாது. ஆனால் அதற்கு எந்நேரமும் தண்ணீர் பார்க்க வேண்டும். ஒரு ரப்பர்க் குழாய் வெடித்தால் புதிசு வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சின்னதுக்கு எஞ்சின் பின்னுக்கு. தண்ணீரே கேட்காது, காற்றிலேயே ஆறிவிடும். இவர் எண்ணெய் மாற்றி, பெல்ட்டை இழுத்துப் பார்த்துவிட்டுக் கை கழுவி வந்துவிடுவார். ஏற்றத்தில் மட்டும் அது ஊரும். தம்பி அதைச் சவர்க்காரப் பெட்டி என்பான்.

மகளுடைய கலியாணம் கடலோர ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மண்டபத்தில், ஒரு வெள்ளிக்கிழமை. ராகுகாலம் பிறக்குமுன் தாலி ஏறவேண்டும் என்று ஐயர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மணமகளை ஏற்றிப்போகிற பொம்பிளைக் கார் பெரியதுதான் என்று நான் சொல்லிவிட்டேன். அதன் முன்பக்கம் முழுக்கக் கார்னேஷன் பூவும் எலுமிச்சை இலையும் வைத்துப் பாய் மாதிரித் தடிப்பாக மாலை கட்டுவித்தேன். தெருவில் போன சிக்னோராக்கள், இந்த ஊர் அம்மாமார், நின்று படம் எடுத்தார்கள்.

மகளும் தோழிப்பெண்ணும் தம்பியின் காரில் முன்னே போக, நானும் இவரும் சின்னதில் ஆரத்தித் தட்டோடு பின்னால் போனோம். மொண்டெல்லோவுக்குத் திரும்புகிற இடத்தில் கடலுக்குப் போகிற கார்கள் அடைத்துக்கொண்டு நின்றன. நல்ல வெயில். நாலடி நகர்வதும் நிற்பதுமாக இருந்தது.

"கறுப்பன் புகைக்கிறான்," என்றார் இவர். பூவுக்குள்ளால் வெள்ளையாக ஆவி வந்தது.

தம்பி ஓரங்கட்டி இறங்கி, முன்மூடியைத் தூக்கி, தண்ணீர் மூடியில் கை வைக்கப் போனான்.

"திறக்காதை மச்சான், முகத்திலை அடிக்கும்!" இவர் ஓடிப்போய் மாலையைத் தூக்கிப் பார்த்தார். உள்பக்கத்துப் பூ அவிந்து போயிருந்தது. "காத்துப் போற வழி முழுக்க அடைச்சுக் கிடக்கு. பிறகு தண்ணி எப்பிடி ஆறும்?"

"அக்காதான் கட்டச் சொன்னவ."

"வெறுங்காரிலையோ பொம்பிளையை அனுப்புறது?" என்றேன்.

"இது ஆறி முடிய ராகுகாலமும் முடிஞ்சிடும், அக்கா."

மகள் அதற்குள் கதவைத் திறந்து, சேலையைத் தூக்கிப் பிடித்தபடி தெருவில் நின்றாள். "சண்டையைப் பிறகு பிடியுங்கோ. நான் அப்பான்ரை காரிலை வாறன்."

அவள் முன்னுக்கு ஏறினாள். நானும் தோழிப்பெண்ணும் முழங்காலை மடக்கிப் பின்னுக்கு ஏறினோம். தம்பிக்கு இடமில்லை. "போங்கோ அத்தான்," என்றான். "ஏத்தத்திலை இறங்கித் தள்ளாமல் போனால் சரி."

ஏற்றம் வந்தது. மூன்றாம் கியர் இரண்டாகி, இரண்டு ஒன்றானது. பெற்றோல் மணம் மூக்கில் ஏறியது. பின்னால் வந்தவர்கள் விடாமல் ஹோர்ன் அடித்தார்கள். மகள் திரும்பித் திரும்பி நேரம் கேட்டாள்.

"சொல்லாதை பிள்ளை," என்றேன் தோழிப்பெண்ணிடம். பாரம் குறையும் என்பதுபோல முன்னுக்குச் சாய்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இவருடைய கால் அக்ஸிலேட்டரை அடித்தகடு வரை அழுத்தியிருந்தது. பாதி ஏற்றத்தில் கார் ஒருமுறை குலுங்கியது. மகள் அவருடைய தோளைப் பிடித்தாள். பிறகு ஏற்றம் முடிய, சத்தம் மெல்ல இளகியது. முன்னால் கடல் தெரிந்தது.

மண்டபத்துப் படியில் சம்பந்தியம்மா நின்றா. உள்ளேயிருந்து ஐயர், "பொம்பிளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, நேரம் போகுது!" என்று கத்திக்கொண்டிருந்தார். சம்பந்தியம்மா எங்கள் காரை மேலும் கீழும் பார்த்தா.

"இதென்ன, பெரிய கார் எங்கை?"

"அது ஆறிப்போட்டு வரும், சம்பந்தி. பொம்பிளை வந்திட்டாள். வழி விடுங்கோ," என்றேன் நான்.