பட்டியலில் இல்லாத வீடு

ஒக்டோபர் மாதத்தில் எங்கள் கொட்டாஞ்சேனைச் செபக் குழு மாதா சுரூபத்தை வீடு வீடாகக் கொண்டு செல்லும். மாலையில் செபமாலை, மறுநாள் அடுத்த வீடு. முப்பத்தொரு நாள், முப்பத்தொரு வீடு. பட்டியல் எழுதுவது நான். ஓய்வுபெற்ற ஆசிரியனுக்குக் கொடுக்க அவர்களிடம் வேறு வேலை இல்லை.

போன வருடம், கோயில் கூட்டும் பெண் என்னை வாசலில் மறித்தாள்.

"மாஸ்டர், ஒரு நாளைக்கு மாதாவ எங்க வீட்டுக்கும் அனுப்புங்களேன். அவரு பாரிசவாதம் வந்து படுத்துப் பத்து மாசமாச்சு. கோயிலுக்கு வர ஏலாது. தினம் கேக்குறாரு."

"முப்பத்தொரு வீடும் நிரம்பிட்டுது, பிள்ளை," என்றேன். அது உண்மை. உண்மையைச் சொன்ன திருப்திகூட இருந்தது.

பிறகு, பதினேழாம் தேதிக்குரிய குடும்பம் மகளின் பிரசவத்துக்காகக் கனடாவுக்குப் புறப்பட்டது. அந்த நாளுக்குக் கோயில் கூட்டுபவள் வீட்டைக் குழுத் தலைவியிடம் சொன்னேன்.

"உங்களுக்கென்ன விசரே, மாஸ்டர்? அவளின்ர வீட்டுக்குப் போற ஒழுங்கை வாசல்ல பொதுக் கக்கூஸ். அதால மாதாவைத் தூக்கிக்கொண்டு போறதே? வெள்ளவத்தையில என்ர தங்கச்சி எத்தனை நாளாக் கேக்கிறாள்!"

தலைவி ஒரு நாள் பூசையும் தவறவிடாதவள். மூன்று வசனத்துக்கு ஒருமுறை 'இயேசுவுக்கே புகழ்' சொல்பவள். பதினேழாம் தேதிக்கு நேரே வெள்ளவத்தை என்று எழுதினேன்.

அங்கே ஏழாம் மாடி. பதினான்கு பேர் வந்திருந்தார்கள். செபமாலைக்கு நடுவே மூன்று போன்கள் அடித்தன. நோயாளிகளுக்காகவும் ஏழைகளுக்காகவும் மன்றாடி முடிந்ததும் கட்லட் வந்தது. நானும் இரண்டு தின்றேன்.

மறுநாள் காலை சுரூபத்தை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் திரும்பினேன். அன்றைய வீடு தலைவியுடையது. கொட்டாஞ்சேனை வந்ததும் அந்த ஒழுங்கை வாசலில் நிறுத்தச் சொன்னேன். கக்கூஸிலிருந்து கோயில் கூட்டுபவள் வீட்டுக்கு நாற்பத்திரண்டு அடி. நாற்றம் இருந்தது. நான் குடியிருக்கும் தொடர்மாடியின் படிகளிலும் குப்பை நாறுகிறது. அங்கே மாதா வருடாவருடம் ஒன்பது வீட்டுக்கு ஏறுகிறாள்.

படுக்கையில் கிடந்த மனிதர் வலது கையை இடது கையால் தூக்கிச் சிலுவை போடப் பார்த்தார். நெற்றிவரைதான் வந்தது. அங்கிருந்து நெஞ்சுக்கும் தோள்களுக்கும் மனைவி கொண்டுபோனாள். மூவரும் செபமாலை தொடங்கினோம். செபமாலையின் இரண்டாம் பத்து மணிகள் முடிகையில் என் போன் அடித்தது. தலைவி.

"எங்க நிக்கிறீங்கள், மாஸ்டர்? பூவெல்லாம் வாடுது!"

"இன்னும் வெள்ளவத்தை தாண்டேல்ல, காலி வீதியில சரியான ட்ராபிக்," என்றேன்.

விசுவாசத்தை நாலுபேர் காண வாழுங்கள் என்று மறைக்கல்வி வகுப்பில் முப்பத்தாறு வருடம் சொல்லிக்கொடுத்த வாய் இது. காணக்கூடிய ஒன்றைச் செய்தது அன்றைக்குத்தான். அதையும் மறைத்தேன்.

நான் சொன்னது படுக்கையருகே இருந்தவளுக்குக் கேட்டது. எழுந்துபோய், ஒழுங்கையில் போகிறவர்கள் கண்ணில் மாதா பட்டுவிடாதபடி கதவைச் சாத்திவிட்டு வந்து, மூன்றாம் பத்தை அவளே தொடங்கினாள்.