எந்திரிக்காத, சத்தம் போடாத

அம்மாவின் தம்பி, என் மாமா, யால காட்டில் சுற்றுலா ஜீப் ஓட்டினார். ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து தேயிலை வேலையை விட்டுத் தப்பிப் போன ஒரே ஆள் அவர்தான். அதனால் அவர் சொன்னதெல்லாம் எங்களுக்கு வேதவாக்கு.

நான் ஐந்தாம் வகுப்பில் படித்த வருடம் கதிர்காமத் திருவிழாவுக்குப் போயிருந்தோம். வெள்ளைக்காரர்களை ஏற்றிய ஜீப்பில் ஓர் இடம் காலியாக இருக்கவே, மாமா என்னையும் காட்டுக்குள் கூட்டிப்போனார். சிறுத்தையை எங்கள் ஊரில் புலி என்றுதான் சொல்வோம். அந்தப் புலி ஜீப்பின் சக்கரத்தை உரசுவதுபோல நடந்து வந்தது. படம் பிடிக்க எழுந்த ஒருவரை மாமா சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"எந்திரிக்காத, சத்தம் போடாத, அப்படியே உக்காந்திரு. ஜீப்பும் நாமளும் சேந்து அதுக்கு ஒரே மிருகம், புள்ள" என்று என்னிடம் கிசுகிசுத்தார். புலி எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் உட்கார்ந்ததை மட்டும் மனதில் வைத்துக்கொண்டேன். ஜீப்பை மறந்துவிட்டேன்.

எங்கள் தோட்டத்திலும் ஒரு புலி இருந்தது. கொழுந்து பறிக்கும் மலையை ஒட்டிக் கைவிடப்பட்ட தேயிலை காடாகிக் கிடந்தது. அதை வெட்டச் சொல்லிப் பெண்கள் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் கேட்கும்போதெல்லாம் தோட்டத்து அதிகாரிகள் "பார்க்கலாம்" என்றார்கள். பார்த்ததென்னவோ புலிதான். ஆகவே பெண்கள் கூட்டமாக, கூடையைத் தட்டி, தொண்டை கிழியக் கத்திக்கொண்டே மலைக்குள் இறங்குவார்கள்.

புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்த திமிர் எனக்கு. அந்தக் கூச்சல் அவமானமாக இருந்தது. "அதுங்களோட சேந்து கத்தாதீங்கம்மா. புலி வந்தா சத்தம் போடாம உக்காந்துருங்க, அது ஒன்னும் செய்யாது" என்று அம்மாவுக்குப் பாடம் எடுத்தேன். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா, "படிக்கிற புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

அடுத்த மாதம் ஒரு மத்தியானம் புலி வெளியே வந்தது. மற்றவர்கள் ஒன்றாகச் சேர்ந்து நின்று கத்தினார்கள். அம்மா மட்டும் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்தாள். அது அவள் தோளைக் கவ்வியது. பெண்கள் கூச்சலிட்டபடி ஓடிவந்துதான் அதை விரட்டினார்கள்.

பதுளை ஆஸ்பத்திரிக்கு மாமா வந்தார். கட்டுப் போட்டிருந்த அம்மா பெருமையோடு சொன்னாள்: "ஒம் மருமக சொன்ன மாதிரி வாயத் தொறக்காம உக்காந்துட்டேன் தம்பி. இல்லாட்டி உசுரே போயிருக்கும்."

"நின்னு கத்தலியாக்கா?"

"படிக்காததுங்கதான் கத்துச்சுங்க."

மாமா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

உட்காருவது ஜீப்பில் இருப்பவனுக்குத்தான் காவல். தரையில் நிற்பவள் குனிந்தால் புலிக்கு அவளும் ஓர் ஆடுதான். அதை நான் தெரிந்துகொள்ளப் பல வருடங்கள் ஆயின. கத்தியவர்கள் ஒரு கீறல் இல்லாமல் வீடு திரும்பினார்கள். அம்மாவின் வலது கை இன்றும் தலைக்கு மேல் உயராது. மகளால் பிழைத்தேன் என்றே அவள் இன்னும் எல்லாரிடமும் சொல்கிறாள். அதைத் திருத்த எனக்குத் தைரியமில்லை. நினைத்தால் என் மீதே வெறுப்பு வருகிறது.

அன்றோ, அம்மா என்னை மட்டும் புகழ்ந்துவிட்டாளே என்றுதான் மாமா அழுவதாக நினைத்தேன். பாவமாக இருந்தது. பின்னாலேயே போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னேன்: "அழாதீங்க மாமா. நீங்க சொல்லிக் குடுத்ததுதான்னு எல்லார்கிட்டயும் சொல்றேன்."