மாடி வீட்டு வாடை

எங்கள் வீட்டு மாடியில் ஒரு தையல்காரம்மா குடியிருக்கிறார். நகரிப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி திருத்தணிக்கு வந்தவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர் என்பதால் நான் அவரை அக்கா என்பேன். அவர் என் கணவரை அண்ணா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டதால் நான் அவருக்கு 'வதினா' ஆகிவிட்டேன். தெலுங்கில் அண்ணி.

கொரோனா இரண்டாவது முறை வந்தபோது அக்காவுக்கும் அவர் கணவருக்கும் ஒரே வாரத்தில் காய்ச்சல் கண்டது. அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தார். அவர் கணவர் வரவில்லை. பிள்ளைகளும் கிடையாது. சில மாதம் கழித்து ஒரு மழை நாளில், மார்க்கெட் பக்கத்திலிருந்து நனைந்துபோன பூனைக்குட்டி ஒன்று மாடிப்படியில் ஏறி வந்து உட்கார்ந்துகொண்டது. அக்கா அதை உள்ளே எடுத்து, ரவிக்கைக்கு வெட்டிய மிச்சத் துணியால் துடைத்துவிட்டார். பேர் ஒன்றும் வைக்கவில்லை. தெலுங்கில் பூனையைச் சொல்வது போலவே 'பில்லி' என்று கூப்பிட்டார். அது கடுவன்.

பில்லி வளர்ந்து பெரிதான பிறகு மாடியில் வாடை கிளம்பியது. நான் ஒரு கிளினிக்கில் ரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்கும் வேலையில் இருபது வருஷமாக இருக்கிறேன். முதல் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது, இது பூனை மூத்திரம் என்று. ஆனால் அக்காவிடம் சொல்லவில்லை. வீட்டுக்காரி குறை சொன்னால் காலி பண்ணச் சொல்வதாக நினைத்துக்கொள்வாரோ என்று ஒரு தயக்கம். தனியாக இருக்கிற மனுஷி, பூனை ஒன்றுதான் துணை என்பது இன்னொன்று. இவையெல்லாம் நான் எனக்கே சொல்லிக்கொண்ட காரணங்கள். உண்மையில் சொல்லத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான். வாரத்துக்கு இரண்டு நாள் மாடிப்படியில் பினாயில் ஊற்றிக் கழுவினேன். எங்கள் படுக்கையறையின் மேல்பக்க ஜன்னலை மூடியே வைத்தேன். அக்கா மேலிருந்து எட்டிப் பார்த்து, "எதுக்கு வதினா இத்தினி தபா கழுவிக்கினு கீறீங்க? நான் பண்ண மாட்டேனா?" என்று கேட்பார். அதற்கும் சிரித்து வைப்பேன்.

ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் அக்காவுக்குத் தலைநிமிர நேரமிருக்காது. காவடி எடுப்பவர்களுக்கு மஞ்சள் துணி, பெண்களுக்கு ரவிக்கை என்று மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த வருஷம் மெஷின் சத்தமே குறைந்துபோனது. "ரெடிமேட்ல வாங்கிக்கிறாங்க போல" என்றார் அக்கா. நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று வீடு தள்ளியிருக்கும் ஒரு அம்மா கையில் காகிதப் பையோடு எங்கள் வீட்டுக்குள் வந்தார். அரக்கோணத்தில் நடந்த சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள, பட்டு ரவிக்கை ஒன்றை அக்காவிடம் தைக்கக் கொடுத்திருந்தார்.

"மண்டபத்துல வேர்த்துச்சி பாரு, அப்பத்தான் தெரிஞ்சிச்சி. பக்கத்துல குந்திக்கினு இருந்தவ எய்ந்து வேற சேருக்குப் போயிட்டா. எனுக்கு அயுகையே வந்துட்ச்சி," என்றார். "அவங்க நல்ல பொம்பள. நான் போயி சொன்னா சண்டை மாதிரி ஆயிடும். நீ சொல்லு."

பையை வாங்கிக்கொண்டு மாடிக்கு ஏறினேன். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து கொக்கி தைத்துக்கொண்டிருந்தார். வருகிறவர்கள் உட்கார ஒரு மரச் சோபா, அதன் முன்னால் சிவப்புக் கார்ப்பெட், பக்கத்தில் துணி மூட்டைகள் அடுக்கிய ஒட்டுப்பலகை ஸ்டேண்டு. வாடையில் கண் எரிந்தது. ரவிக்கையை நீட்டினேன். அக்கா அதைப் பிரித்து, கைக்குழியைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், உள்தையலை விரலால் நீவிப் பார்த்தார்.

"தையல் நல்லாத்தான கீது? லூசா இருக்குதாமா?"

"தையல் இல்லக்கா. வாடை. பூன வாடை வருதாம்."

அக்கா ரவிக்கையை முகத்தில் வைத்து இழுத்து மோந்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இன்னொரு முறை மோந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "எனுக்கு வாசனையே தெரியாது வதினா. அந்தக் காய்ச்சல்ல போனதுதான், திரும்பி வரவேயில்ல. அன்னிக்கி பால் தீஞ்சி வீடு பூரா பொகை, நீங்கதானே கீயேந்து ஓடியாந்தீங்க. நான் இங்கயே தான குந்திக்கினு இருந்தேன்."

அந்த நாள் எனக்கு நினைவிருந்தது. அக்கா ஏதோ யோசனையில் இருந்திருப்பார் என்று அன்றைக்கு நானாக முடிவு செய்துகொண்டேன். ஏன் என்று கேட்கவில்லை.

"எத்தினி மாசமா வருது?"

பொய் சொல்லலாம் என்று வாய்வரை வந்தது. "ஆறேழு மாசம் இருக்கும்க்கா."

"உங்களுக்குத் தெரியுமா?"

"ஆங்."

"அண்ணாவுக்கு?"

"தெரியும்."

அக்கா ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். "அப்ப தெரு பூரா தெரிஞ்சிருக்குது. நான் ஒருத்திதான் தெரியாம, வர்றவங்கள எல்லாம் குந்துங்க, குந்துங்கன்னு சொல்லிக்கினு இருந்திருக்கேன்." ரவிக்கையை மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்தார். அழவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். அது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

மறுநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது கீழே இறங்கி வந்தார். மாதக் கடைசிக்குள் காலி பண்ணிவிடுவதாகவும், நகரியில் தம்பி வீடு இருப்பதாகவும், பில்லியை மார்க்கெட்டிலேயே விட்டுவிடப் போவதாகவும் சொன்னார். கடைசி விஷயத்தைச் சொல்லும்போது தலையைத் திருப்பிக்கொண்டார்.

"வீட்டக் கழுவுறதுக்கு யாராவது ஊர விட்டுப் போவாங்களாக்கா? நான் லீவு போடறேன். ரெண்டு பேரும் கழுவலாம்," என்றேன்.

முதலில் நாங்கள் செய்ததெல்லாம் தப்பு. பினாயில் ஊற்றினோம். பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தேய்த்தோம். ஒரு நாள் முழுக்க வாடை அடங்கினாற்போல இருந்தது. அடுத்த நாள் பில்லி நேராக வந்து, கழுவிய இடத்திலேயே வாலைத் தூக்கி நடுக்கிக்கொண்டு பீய்ச்சியது. அக்காவுக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ, அளவெடுக்கும் டேப்பால் அதை ஒரு அடி அடித்துவிட்டார். அடித்த கையோடு, கட்டிலுக்கு அடியில் ஒளிந்த பூனையைக் குனிந்து பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தார்.

பில்லியை ஒரு காய்கறிக் கூடையில் போட்டு, மேலே இன்னொரு கூடையைக் கவிழ்த்துக் கட்டி, கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த டாக்டரம்மா சின்ன வயது. கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வெளிய வேற கடுவன் வருதா?" என்றார். ஜன்னல் பக்கம் ஒன்று தினமும் வருகிறது என்றோம். "அதுக்குத்தான் இது எல்லை கட்டுது. சேட்டை இல்லம்மா. அடிக்காதீங்க. ஒரு ஆபரேஷன் பண்ணிடலாம், கொஞ்ச வாரத்துல அடங்கிடும்." பினாயில் பூனைக்கு விஷம் என்றும், பிளீச்சிங் வாடை அதற்கு மூத்திர வாடை போலவே தோன்றுவதால் மேலும் மேலும் அங்கேயே அடிக்கும் என்றும் சொன்னார். காய்ந்தாலும் உப்பு உள்ளே தங்கிவிடும், ஈரம் பட்டால் மறுபடி கிளம்பும், அதைத் தின்று கரைக்கிற என்சைம் மருந்து ஆன்லைனில் கிடைக்கும் என்று ஒரு சீட்டில் எழுதித் தந்தார். எங்கெங்கே பட்டிருக்கிறது என்று தெரியாமல் ஊற்றினால் வீண், ரூபாய் நோட்டு பார்க்கிற ஊதா விளக்கு பிடித்தால் தெரியும் என்றார்.

எங்கள் கிளினிக்கை ஒட்டிய மருந்துக் கடையில் அந்த விளக்கு இருந்தது. இரவல் வாங்கி வந்தேன். மத்தியானம் ஜன்னல்களைச் சாத்தி, போர்வைகளைத் தொங்கவிட்டு, அறையை இருட்டாக்கினோம். விளக்கைப் போட்டேன்.

கார்ப்பெட்டில் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாக மின்னியது. சோபாவின் முன்கால் இரண்டிலும் ஒழுகிய கோடுகள். துணி ஸ்டேண்டின் அடித்தட்டு முழுவதும். தையல் மெஷின் மேசையின் பக்கப்பலகை. சுவரில் முழங்கால் உயரத்துக்கு.

"அய்யோ தேவுடா," என்றார் அக்கா. என் கையிலிருந்த விளக்கை வாங்கி, ஒவ்வொரு இடமாகக் குனிந்து பார்த்தார். ஆறேழு மாதமாக எல்லோரும் சொல்லாமல் விட்டதை அன்றுதான் அவர் தன் கண்ணால் பார்த்தார். எழுந்துபோய், துணியில் கோடு போடுகிற சாக்கட்டியை எடுத்து வந்தார். ஒரு கையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கறையையும் சுற்றி வட்டம் போட்டார். கைக்குழி வளைவுக்குக் கோடு இழுப்பது போல, அவசரமில்லாமல், ஒன்றும் விடாமல். ஜன்னலைத் திறந்தபோது அறை முழுக்க வட்டங்களாக இருந்தது.

மருந்து வர நாலு நாள் ஆயிற்று. அதற்குள் பினாயில் மிச்சம் போகும்படி எல்லாவற்றையும் வெறும் தண்ணீரால் கழுவி, அழிந்துபோன வட்டங்களை விளக்கைப் பிடித்து மறுபடி போட்டோம். கட்டிலில் கிடந்த பஞ்சு மெத்தையும் துணி ஸ்டேண்டின் அடித்தட்டும் தேறவில்லை. ஒட்டுப்பலகை மூத்திரத்தைக் குடித்து உப்பிப்போயிருந்தது, கழற்றி எறிந்தோம். கார்ப்பெட்டை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய், வட்டங்களின் மேல் மருந்தை அடிப்புறம் வரை இறங்குமாறு ஊற்றி, காயாமலிருக்க பிளாஸ்டிக் தாள் போட்டு ஒரு நாள் மூடி வைத்தோம். பிறகு அலசி, வெயிலில் போட்டு, ஆப்ப சோடாவைத் தூவி மறுநாள் தட்டி எடுத்தோம். சோபா மெத்தைகளுக்கும் அதே வைத்தியம். மரத்துக்குத்தான் பாடு அதிகம். வினிகரில் தண்ணீர் கலந்து துடைத்து, மருந்தில் நனைத்த துணியைச் சுற்றி வைத்து, காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்தோம். பழைய பாலிஷ் போய் வெள்ளை மரம் தெரிகிறவரைக்கும் தேய்த்தார் அக்கா. அந்தச் சோபா அவர் கணவர் வேன் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு வீடு இடித்த இடத்திலிருந்து வாங்கி வந்த தேக்கு. கணவரைப் பற்றி அக்கா என்னிடம் பேசியதே அன்றைக்குத் தேய்க்கும்போதுதான். எப்படித் தனியாளாக மாடிக்கு ஏற்றினார், எப்படி ஒரு கால் கதவில் மாட்டிக்கொண்டது என்று சொல்லிச் சிரித்தார். தேய்த்து முடித்து இரண்டு கை வார்னிஷ் அடித்தோம்.

வாடை போய்விட்டதா என்று பார்ப்பது என் வேலை. அதிலும் ஒரு சங்கடம். பத்து நிமிடம் அறைக்குள் இருந்தால் என் மூக்கும் மரத்துப்போய்விடும். மொட்டைமாடிக்குப் போய் நின்றுவிட்டு வர வேண்டும். அதனால் என் கணவர் சாயங்காலம் அரக்கோணம் ரயிலிலிருந்து இறங்கி வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றவிடாமல் மாடிக்கு அனுப்பினோம்.

"அண்ணா, மோந்து பாருங்க. மறைக்காம சொல்லணும்."

அவர் மண்டியிட்டு, சோபாவின் காலை மோந்தார். "இங்க இல்ல." கார்ப்பெட்டை மோந்தார். "இங்கயும் இல்ல." சுவர் மூலைக்குப் போனதும் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். "இங்க கீது."

அந்த மூலையில் காரை உள்ளே வரை குடித்திருந்தது. பெயர்த்தெடுத்துப் புதிதாகப் பூசி வெள்ளையடித்த பிறகும் மழை பெய்த அன்று லேசாக வந்தது. இன்னொரு முறை மருந்து அடித்தோம். அது முழுசாகப் போனதா என்று இன்றைக்கும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. பில்லி ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு மாதம் போல இரண்டொரு முறை பீய்ச்சியது, பிறகு மண் தட்டிலேயே போகப் பழகிக்கொண்டது.

வீடு சுத்தமான பிறகு அக்கா செய்த காரியம் நான் எதிர்பார்க்காதது. தன்னிடம் தைக்கக் கொடுத்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய்ச் சொல்லப்போவதாகச் சொன்னார். என்னையும் கூப்பிட்டார். பொதட்டூர்பேட்டை பஸ் போகிற சாலை வரைக்கும் வீடு வீடாக நடந்தோம். "எனுக்கு வாசனை தெரியாதுங்க. என் வீட்ல பூன வாடை இருந்திருக்குது, உங்க துணில ஏறிட்ச்சி. மன்னிச்சிக்கங்க. இப்ப சுத்தம் பண்ணிட்டேன்." எல்லா வீட்டிலும் இதையே சொன்னார். சிலர் தரையைப் பார்த்தார்கள். ஒருவர், "தெரியும்மா, சொன்னா மனசு நோவும்னு விட்டுட்டோம்," என்றார். அக்கா, "சொல்லியிருந்தா நல்லாருந்திருக்கும்," என்று மட்டும் சொன்னார். குரலில் கோபம் இல்லை. நான்தான் அங்கே நிற்க முடியாமல் வாசலுக்கு வந்துவிட்டேன். பட்டு ரவிக்கைக்கார அம்மா அன்றைக்கே புதுத் துணி ஒன்றைக் கொடுத்தனுப்பினார். இரண்டு மூன்று பேர் திரும்ப வரவேயில்லை.

தீபாவளிக்கு மெஷின் ஓடிய சத்தம் கீழே வரை கேட்டது. வெள்ளிக்கிழமைதோறும் அக்கா கூப்பிடுவார், நான் ஏறிப்போய் மூலை மூலையாக மோந்து பார்த்துவிட்டு, இருந்தால் இருக்கிறது என்றும் இல்லையென்றால் இல்லை என்றும் சொல்வேன். அவரும் என்னிடம் எதையும் மறைப்பதில்லை. போன வாரம் ஒரு புடவைக்கு மாம்பழ நிறத்தில் ரவிக்கைத் துணி எடுத்துக்கொண்டு போனேன். என் தோளில் வைத்துப் பார்த்துவிட்டு, "நல்லா இல்ல வதினா. மாத்திக்கினு வாங்க," என்றார்.