குடலுக்குள் ஒரு பகல்

கிள்ளான் கொமுட்டர் ரயில் நிலையத்தின் மேம்பாலப் படிகளில் பாதி ஏறி, மேலே முடியாமல் உட்கார்ந்துவிட்ட அன்றுதான், உடம்பில் ஏதோ சரியில்லை என்று ஒப்புக்கொண்டேன். அதற்கு முன் பல வாரங்களாகக் களைப்பு. துறைமுகத்தில் லோரிகளை அனுப்பும் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வயது ஐம்பத்து நான்கு. களைப்புக்கு வயதையே காரணம் சொல்லி வந்தேன்.

பரிசோதித்தபோது ஹீமோகுளோபின் (இரத்தத்தில் உயிர்வாயுவைச் சுமக்கும் புரதம்) மிகவும் குறைந்திருந்தது. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருந்தது. இரைப்பையைப் பார்த்தார்கள், அங்கே குறையில்லை. அடுத்தது கொலோனோஸ்கோப்பி (ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாயைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்ப்பது) என்றார்கள்.

நான் மறுக்கவில்லை. என் அண்ணன் மறுத்தார். கூச்சப்பட்டு மாதக்கணக்கில் தள்ளிப்போட்டார். கண்டுபிடித்தபோது புற்று ஈரலுக்குப் போயிருந்தது.

மயக்கம் தெளிந்து விழித்தபோது டாக்டர் என் கட்டிலருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நின்றுகொண்டே பேசுபவர் அவர்.

"பாதி தூரம்தான் போக முடிஞ்சது, ரீத்தா. பழைய ஆபரேஷன் தழும்பால குடல் மடங்கி ஒட்டிக்கிட்டு இருக்கு. இன்னும் தள்ளினா கிழிஞ்சிடும். நிறுத்திட்டேன்."

"அப்போ மீதிப் பாதி?"

"அதைப் பார்க்காம விட முடியாது."

இரண்டு சிசேரியன், ஒரு கருப்பை அறுவை. அவற்றின் தழும்புகள் வெளியே மட்டும் இருப்பதாக நினைத்திருந்தேன்.

கோலாலம்பூரில் இன்னொரு டாக்டரிடம் அனுப்பினார்கள். என் மகள் வயதுப் பெண். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். வைட்டமின் மாத்திரையைவிடக் கொஞ்சம் பெரிது. இரண்டு முனையிலும் கண்ணாடிபோலத் தெளிவு, உள்ளே கேமரா.

"இதை முழுங்கிட்டா, போற வழியெல்லாம் படம் எடுக்கும், ஆன்டி. மயக்க மருந்து வேணாம், வலி இல்ல. ஆனா ஒண்ணு. இதுக்குப் பார்க்க மட்டும்தான் தெரியும். ஏதாச்சும் இருந்தா எடுக்கத் தெரியாது. அதுக்கு மறுபடியும் குழாய்தான்."

இதை அவர் முதலிலேயே சொன்னது பிடித்திருந்தது. உங்களுக்கும் யாராவது இந்த மாத்திரையைப் பற்றிச் சொன்னால், இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். குடல் எங்காவது ஒடுங்கியிருந்தால் மாத்திரை சிக்கிக்கொள்ளலாம். அதனால் எனக்கு முதலில் ஸ்கேன் எடுத்தார்கள். பேதி மருந்திலிருந்தும் தப்ப முடியாது. குழாய்ப் பரிசோதனைக்குக் குடித்ததைவிட அதிகமாகவே குடித்தேன்.

காலை எட்டு மணிக்கு, இடுப்பில் ஒரு பட்டையைக் கட்டி, படங்களைப் பதிவு செய்யும் சின்னப் பெட்டியை அதில் மாட்டி, ஒரு கிளாஸ் தண்ணீரைக் கொடுத்தார்கள். விழுங்கினேன். அவ்வளவுதான். வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

கிள்ளான் வரை போகும் தைரியம் இல்லை. கோலாலம்பூரிலேயே, பிரிக்பீல்ட்ஸில் என் தங்கை எஸ்தரின் அடுக்குமாடி வீட்டுக்குப் போனோம். என் கணவர் தேவராஜ் விடுப்பு எடுத்திருந்தார். அவருக்குச் சாலைக்கு அடியில் போகும் கழிவுநீர்க் குழாய்களைக் கேமரா விட்டுப் பார்க்கும் வேலை.

பெட்டியில் விரலகலத் திரை ஒன்று இருந்தது. அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் இடுப்பருகே குனிந்தவர், நிமிரவே இல்லை.

"நாங்க ஒரு குழாயைப் பார்க்கணும்னா ரோட்டை மூடணும், மேன்ஹோலைத் திறக்கணும், கேபிளைத் தள்ள நாலு பேர் வேணும். இது ஒரு கிளாஸ் தண்ணியில போயிடுச்சு லா."

"என்னைச் சாக்கடை ஆக்கிட்டீங்க," என்றேன்.

"இல்ல ரீத்தா, நீயே பாரு. எவ்வளவு சுத்தமா இருக்கு."

பார்த்தேன். இளஞ்சிவப்புச் சுவர் விரிந்து, மூடி, மறுபடி விரிந்தது. சிறுகுடலின் உட்புறம், தண்ணீருக்கடியில் பாசி அசைவதுபோல மெல்ல அசைந்தது. இத்தனை வருடம் என் வயிற்றை நான் குறையாகவே பேசியிருக்கிறேன். தையல், தொப்பை, வாயு. அதற்குள் இப்படி ஓர் அழகு இருக்குமென்று எனக்குத் தெரியாது.

மதியத்துக்கு மேல் படம் நின்றது. ஒரே மடிப்பு, ஒரே வெளிச்சம். அரை மணி, முக்கால் மணி ஆகியும் மாறவில்லை. எஸ்தர் ஜெபமாலையை எடுத்துவிட்டாள். ஒட்டிக்கொண்ட என் குடல் இதையும் பிடித்துக்கொண்டதோ என்று மருத்துவமனைக்கு அழைத்தேன்.

"பயப்படாதீங்க அக்கா," என்றார் தாதி. "காலையில குடுத்தனுப்பின அந்த ரெண்டாவது பேதி மருந்தைக் குடிங்க. குடிச்சிட்டு நடங்க. உட்காராதீங்க."

குடித்தேன். மாடி நடைவழியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். தேவராஜ் பக்கத்திலேயே திரையைப் பார்த்தபடி நடந்தார். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்து, என் இடுப்புப் பெட்டியைப் பார்த்து, "என்ன ஆன்டி, ஹார்ட்டா?" என்றார். "குடல்," என்றேன். அவர் கதவை மூடிக்கொண்டார்.

ஒன்பதாவது நடையிலோ பத்தாவதிலோ தேவராஜ் என் தோளைத் தொட்டார். "போகுது."

மாலை ஐந்து மணிக்கு அது வெளியே வந்தது. கழிப்பறைத் தண்ணீருக்குள்ளும் மினுங்கியபடி படம் எடுத்துக்கொண்டிருந்தது. அதைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்று சொல்லியிருந்தார்கள்.

அடுத்த வாரம் கோலாலம்பூர் டாக்டர் ஒரு படத்தைக் காட்டினார். பெருங்குடல் தொடங்கும் இடத்தில், குழாய் எட்டாமல் போன பாதியில், ஒரு பாலிப் (குடலின் உட்சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சி). அதன் ஓரத்தில் இரத்தக் கசிவு.

"மறுபடியும் குழாய்னா, கிழிஞ்சிடாதா?" என்று கேட்டேன்.

"இருக்கா இல்லையான்னு தெரியாம தள்ளுறது வேற, ஆன்டி. இங்கதான் இருக்குன்னு தெரிஞ்சு போறது வேற. சின்னக் குழாய் எடுத்துக்கிறோம். முழு மயக்கம் குடுத்து, ரெண்டு டாக்டர் சேர்ந்து, நிதானமா போவோம்."

போனார்கள். எடுத்தார்கள். திசுப் பரிசோதனையில் புற்று இல்லை. ஆனால் உயிரணுக்கள் அந்த வழியில் திரும்பத் தொடங்கியிருந்தன. "இன்னும் சில வருஷம் விட்டிருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர், வாக்கியத்தை முடிக்கவில்லை. எனக்கு அண்ணனின் முகம் நினைவுக்கு வந்தது. வாகன நிறுத்துமிடத்தில் காருக்குள் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன். தேவராஜ் காரைக் கிளப்பாமல் காத்திருந்தார்.

மறுபரிசோதனைக்கு மூன்று வருடம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். முன்பெல்லாம் வருடங்கள் என்னைக் கேட்காமல் போய்க்கொண்டிருந்தன. இந்த மூன்றை மட்டும் யாரோ என் கையில் எடுத்துக் கொடுத்தது போல இருக்கிறது. படிகளை இப்போது நிற்காமல் ஏறுகிறேன்.

நேற்று அலுவலகத்தில் வயிறு சத்தமாக உறுமியது. பக்கத்து மேசைப் பெண், "பசிக்குதா அக்கா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு, ஒரு நிமிடம் கைவேலையை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே இப்போது வெளிச்சமில்லை, பார்க்க யாருமில்லை. அந்தச் சுவர்கள் இருட்டில் விரிந்து, மூடி, மறுபடி விரிந்துகொண்டிருக்கின்றன.