பேசிக்கொண்டே நடக்கும் வேகம்

"மாமா, அத்தா மவுத்தாயிட்டாக." விடிந்தும் விடியாததுமாகப் போனில் சிக்கந்தர் பாயின் மகன் அழுதான். தூக்கத்திலேயே உயிர் போயிருக்கிறது. நானோ ஷூவை மாட்டிக்கொண்டு அவருக்காக வாசலில் நின்றிருந்தேன். அப்படியே அவர் வீட்டுக்கு ஓடினேன்.

நாகல் நகரில் தோல் வியாபாரம் செய்த பாயை உங்களில் பலருக்குத் தெரியும். எனக்கு அவர் காலை நடைக் கூட்டாளி. என் அப்பாவுக்கு மறதி நோய் வந்து, கடைசியில் என்னையே "நீங்க யாரு?" என்று கேட்டார். அன்று பிடித்த பயம் எனக்கு. நடந்தால் மூளைக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதும் நாய் துரத்துகிறமாதிரி ஓட ஆரம்பித்தேன்.

பாய்க்கு ஒரு பழக்கம். என் ஞாபகத்தைச் சோதிக்க, நடக்கும்போதே கன்னிவாடி பஸ் நிற்கும் ஊர்களைக் கடைசியிலிருந்து தலைகீழாகச் சொல்லச் சொல்வார். ஆடி அசைந்து போனால் எனக்குக் கொட்டாவிதான் வரும். கையை வீசி, மூச்சு வாங்கினாலும் பேச முடிகிற வேகத்தில் நடந்தால் ஊர்கள் வரிசையாக வந்து நிற்கும். "இதுதான்யா ஒனக்கு அளவு. தாண்டாத" என்பார்.

நான் கேட்டேனா? ஒருநாள் சிறுமலை ரோட்டு ஏற்றத்தில் அவரை விட்டுவிட்டு வெறிபிடித்தவன்போல ஓடினேன். கண் இருட்டியது. பின்னால் வந்தவர் ஊர்களைக் கேட்டார். ஒன்றும் வரவில்லை. என் மகள் பெயரைக் கேட்டார். அதுவும் வரவில்லை. ஐயோ, எனக்கும் வந்துவிட்டதே என்று ரோட்டிலேயே அழுதுவிட்டேன்.

"அட கூறுகெட்டவனே, போலீஸ் செலக்சனுக்கா ஓடுற? மூச்சுக்கே ஆலாப் பறக்குற, பேரு எங்குட்டு வரும்? செத்த நேரம் உக்காரு" என்று முதுகைத் தடவினார். மூச்சு அடங்கியதும் பெயர் வந்தது.

"நெசமாவே எனக்கு மறதி வந்தா மறைக்காமச் சொல்லிருங்க பாய்" என்றேன்.

"சொல்றேன்யா" என்றார். அந்த வார்த்தையை நம்பித்தான் இத்தனை நாள் தூங்கினேன்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "மறதி வந்துருமோன்னு அத்தாவுக்கு ரொம்பப் பயம் மாமா. தெனமும் ஒங்ககூட நடந்துட்டு வந்து, 'அவன் ஒண்ணும் சொல்லல, அப்ப நான் நல்லாத்தான் இருக்கேன்'ம்பாக."

போன வாரம் ஒரே கதையை இரண்டு தடவை சொன்னாரே! என்னைச் சோதிக்கிறார் என்றல்லவா நினைத்துக்கொண்டு, அதை அவரிடம் சொல்லாமலே நடந்தேன்.

அவர் சொன்ன வேகத்தை நான் வைத்துக்கொண்டேன். தனியாகத்தான் நடக்கிறேன். அவருடைய பயமும் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. எனக்கு மறக்கத் தொடங்கினால், அது எனக்கே தெரியாது.