பட்டன் அறுந்த பிள்ளைகள்

பள்ளிக்கூடத்தில் யாரும் தொட மறுக்கிற வேலை எதுவானாலும் கடைசியில் அறிவியல் டீச்சர் தலையில்தான் வந்து விடியும். அப்படித்தான் திருவொற்றியூரில் நான் வேலை பார்க்கும் பெண்கள் பள்ளியில், மாணவியர் பாதுகாப்புக்கும் மனநலத்துக்கும் பொறுப்பாசிரியை ஆனேன். ஏப்ரலில் பெற்றோர் கூட்டத்தில் அறிக்கை வாசிக்க வேண்டும். 'பொறுப்பு' என்ற சொல்லை நம்பி எங்கெங்கோ மாட்டிக்கொண்டிருக்கும் சக பாவிகளே, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? அறிக்கையில் எழுதாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். இதில் பாதி பொறாமைக் கதை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

பெட்டி வைத்தேன்

புகார்ப் பெட்டி ஒன்று வைக்கச் சொன்னார்கள். வார்னிஷ் அடித்து, பூட்டுப் போட்டு, 'உன் மனசைச் சொல்லு' என்று நானே அழகாக எழுதி ஒட்டினேன். களவு போகாமல் இருக்கட்டும் என்று தலைமையாசிரியை அறை வாசலில், கண்காணிப்பு கேமராவுக்கு நேர் கீழே மாட்டினேன். மாட்டிய இடம் தப்பு என்று உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும். எனக்குத் தெரிய ஒரு பருவம் பிடித்தது.

வெள்ளிக்கிழமைதோறும் தலைமையாசிரியை முன்னிலையில் திறப்பேன். ஒரு வாரம் மிட்டாய்த் தாள் இருந்தது. ஒரு வாரம் பஸ் டிக்கெட். ஒரு வாரம் உண்மையிலேயே ஒரு கடிதம் வந்தது. சத்துணவு சாம்பாரில் உப்பு தூக்கல் என்று எழுதியிருந்தது, கையெழுத்து எங்கள் கணக்கு டீச்சருடையது. மற்ற வாரங்களில் வெறும் காற்றுதான். நான் மறுபடி பூட்டிக்கொண்டிருந்தபோது அலுவலக உதவியாளர் முருகேசன் பக்கத்தில் வந்து நின்று, துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார்: "இன்னா டீச்சர், இந்த வாட்டியும் உண்டியல்ல ஒண்ணியும் வுயலியா?"

ஈரத்துணி

எங்கள் பக்கம் காற்று திரும்பினால் கெமிக்கல் வாடை வரும். அது எங்கிருந்து வருகிறது என்று மூக்கை வைத்தே சொல்லும் பிள்ளைகள் எங்களிடம் உண்டு. ஆகவே வாயுக் கசிவு ஒத்திகை நடத்த வேண்டும். ஈரத்துணியால் மூக்கை மூடு, காற்றுக்குக் குறுக்கே நட, ஓடாதே என்று நான்கு வண்ணங்களில் படம் வரைந்து, இரண்டு ராத்தூக்கத்தைக் கெடுத்து ஒரு சார்ட் செய்தேன். விசில் ஊதியதும் எல்லோரும் சார்ட் அருகில் நிற்கும் என்னிடம் வர வேண்டும் என்பது ஏற்பாடு.

விசில் ஊதினேன். பிள்ளைகள் என்னைத் தாண்டிப் போய் தையல் அறை வாசலில் குவிந்தார்கள். அங்கே செல்வராணி நின்றுகொண்டிருந்தார். எங்கள் பகுதி நேரத் தையல் டீச்சர். ஆர்டர்படி வாரத்தில் மூன்று அரை நாள்தான், ஆள் என்னவோ தினமும் இருப்பார். வெட்டி மிச்சமான துணித் துண்டுகளை ஒரு வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, பிழிந்து பிழிந்து ஆளுக்கொன்று கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு பெரிய சார்ட்டில் துணி எங்கிருந்து வரும் என்று நான் எழுதவே இல்லை. ஆறாம் வகுப்புக் குட்டி ஒன்று என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆறுதல் சொன்னது: "மிஸ், உங்க சார்ட்டு செம சூப்பரு. ஆனா அத்த மூஞ்சில கட்டிக்க முடியாதே."

பல் தடம்

பிப்ரவரியில் ஒரு விஷயம் என் கண்ணில் பட்டது. ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் பாதிப் பெண்களின் ஓவர்கோட்டில் பட்டன் இல்லை. இடைவேளை மணி அடித்தால் தையல் அறை வாசலில் வரிசை நிற்கிறது. பொறுப்பாசிரியை அல்லவா, விடுவேனா? சீருடையின் நூல் தரமற்றது, பட்டன்கள் உதிர்கின்றன, தைத்த மகளிர் குழுவிடம் விளக்கம் கேட்க வேண்டும் என்று அரைப் பக்கம் எழுதித் தலைமையாசிரியையிடம் கொடுத்தேன்.

மறுநாளே குழுவின் தலைவி அம்மா வந்துவிட்டார். கோபத்தில் மூக்குத்தி ஆடியது. பட்டன் இல்லாத ஒரு கோட்டை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மிச்சமிருந்த நூலை விரலால் நீவிக் காட்டினார். நூல் நைந்திருக்கவில்லை, ஒரே இடத்தில் நசுங்கியிருந்தது. பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தபடி சொன்னார்: "இது தானா பிஞ்சது இல்ல டீச்சர். நல்லா பாரு, உங்க பொண்ணுங்கோ பல்லால கடிச்சுக்கீதுங்கோ."

தைத்ததைப் பிரிப்பார்

நல்ல பட்டனை எதற்குக் கடிக்க வேண்டும்? அன்று மதியம் தையல் அறை ஜன்னல் பக்கம் மெல்லப் போய் நின்றேன். ஒட்டுக்கேட்டேன் என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன். ஒரு பத்தாம் வகுப்புப் பெண் செல்வராணி பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய கோட்டு அவர் மடியில் கிடந்தது. அவர் பட்டன் தைத்தார், இவள் பேசினாள். அப்பா குடிக்கிறதை, அண்ணன் அடிக்கிறதை, கணக்குப் பாடம் புரியாததை எல்லாம் மூச்சு விடாமல் பேசினாள். செல்வராணி ஒரு தடவைகூடத் தலையைத் தூக்கவில்லை, "உம்" என்பதோடு சரி. பட்டனைத் தைத்து முடித்தார். பெண்ணின் பேச்சு முடியவில்லை. உடனே தைத்த நூலைப் பிரித்துவிட்டு, மறுபடி ஊசி கோத்து முதல் துளையிலிருந்து ஆரம்பித்தார்.

எனக்கு வயிறு எரிந்தது. இருபது வருடமாக இந்தப் பிள்ளைகளுக்கு 'இன்னா' இல்லை 'என்ன' என்று திருத்திக்கொண்டிருக்கும் தூத்துக்குடிக்காரி நான். என்னிடம் வந்தால் முதலில் தமிழைத் திருத்திக்கொண்டு, பிறகுதான் வாயைத் திறப்பார்கள். செல்வராணியிடம் வீட்டில் பேசுகிற மாதிரியே பேசினார்கள். கழிப்பறைத் தாழ்ப்பாள் உடைந்திருக்கிறது என்று தலைமையாசிரியை என்னிடம் சொல்லி, நான் மாற்றவைத்து, அதை என் சாதனைப் பட்டியலில் முதலாவதாக எழுதியிருந்தேன். அதுவும் இந்த பெஞ்சிலிருந்து போன தகவல்தான் என்று அன்றுதான் புரிந்தது. உள்ளே போய், பிள்ளைகள் சொல்வதையெல்லாம் இனி என்னிடம் எழுதித் தரும்படி கேட்டேன். அவர் ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு அமைதியாகச் சொன்னார்: "டேஞ்சரு மேட்டருன்னா உடனே சொல்லிட்றேன் டீச்சர். மீதிய நான் எய்தித் தந்தா, நாளிக்கு என்னாண்ட எவ வருவா?"

என் மேஜைக்கு வா

அதன் பிறகு நான் செய்தது ஒரு பொறுப்பாசிரியை செய்கிற காரியம் இல்லை. பொறாமை பிடித்த பொம்பளை செய்கிற காரியம். இடைவேளையில் தையல் அறைக்கு யாரும் போகக் கூடாது, பட்டன் அறுந்தவர்கள் ஆசிரியர் அறையில் என் மேஜைக்கு வரவும் என்று சுற்றறிக்கை போட்டேன். வெள்ளை நூல், நீல நூல், ஊசி எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, கல்யாணப் பந்தியில் இலை போட்டுவிட்டுக் காத்திருப்பவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் நந்தினி வந்தாள். ஒன்பதாம் வகுப்பு, விம்கோ நகர்ப் பெண், வகுப்பில் முதல் பெஞ்சு. எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல! எதிரில் உட்காரவைத்தேன். பதிவேட்டைத் திறந்து தேதி போட்டேன். அவள் கண்ணை நேராகப் பார்த்து, "பயப்படாமல் சொல்லும்மா, எதுவானாலும் ரகசியமாக இருக்கும்" என்றேன். பக்கத்து மேஜையில் கணக்கு டீச்சர் மோர்சாதம் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார். நந்தினி பதிவேட்டைப் பார்த்தாள், பேனாவைப் பார்த்தாள், மோர்சாதத்தைப் பார்த்தாள். நான் பட்டனைக் கோணலாகத் தைத்து, விரலிலும் ஒரு குத்து வாங்கிக்கொண்டேன். கோட்டைத் திரும்ப வாங்கும்போது அவள் சுத்தமான தமிழில் சொன்னாள்: "ஒன்றும் இல்லை மிஸ், பட்டன் மட்டும்தான்."

தண்டவாளம்

அடுத்த இரண்டு வாரம் ஒரு பட்டன்கூட அறுந்து வரவில்லை. 'சீருடைப் பிரச்சினை முழுமையாகத் தீர்க்கப்பட்டது' என்று அறிக்கைக்கு ஒரு வரி எழுதி வைத்துக்கொண்டேன்.

அந்த இரண்டாவது வாரத்தில் ஒரு நாள், ராயபுரம் போக மாலை ரயிலுக்கு பிளாட்பாரத்தில் நின்றேன். தண்டவாளத்தின் நடுவில், ஜல்லியைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்துக்கொண்டு ஒரு ஓவர்கோட்டு போனது. நந்தினி! நான் கத்திய கத்தலில் பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது. அவள் மேலே ஏறி வந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அந்தப் பாதையில் ஒரு கூட்ஸ் வண்டி தடதடவென்று போனது. ரோடு இருக்க ஏன் இந்தப் பக்கம் வந்தாய் என்று கேட்டேன், திட்டினேன், கெஞ்சினேன். உன் அம்மாவுக்குப் போன் போடுகிறேன் என்று செல்லை எடுத்ததும்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்போது அவள் தமிழ் தானாக மாறியது: "அம்மாவாண்ட சொல்லாதீங்கோ மிஸ், ஸ்கூல்ல இருந்து நிறுத்தி கம்பெனி வேலைக்கு அனுப்பிடுவாங்கோ!"

கத்தரிக்கோல்

அன்றிரவு தலைமையாசிரியைக்கு மட்டும் சொன்னேன். நந்தினி தண்டவாளத்தில் நடப்பதற்குக் காரணம் என் மேஜை இல்லை. ஆனால் காரணத்தைச் சொல்ல அவளுக்கு இருந்த ஒரே பெஞ்சை நான்தான் பூட்டியிருந்தேன். இரண்டு வாரம், தினமும் சாயங்காலம் அவள் அந்த ஜல்லியில் நடந்திருக்கிறாள். காலையில் முதல் வேலையாக நந்தினியைத் தையல் அறைக்குக் கூட்டிப்போனேன். அவள் கோட்டில் எல்லாப் பட்டனும் இருந்தது. செல்வராணியின் கத்தரிக்கோலை எடுத்து, நான் கோணலாகத் தைத்திருந்ததை நானே வெட்டி எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். உள்ளே என்ன பேச்சு என்று கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று உயிர் துடித்தது, இருந்தாலும் கேட்கவில்லை.

முதல் பாடவேளை முடிகிற நேரத்தில் செல்வராணி வெளியே வந்து விஷயத்தைச் சொன்னார். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ரோட்டோரம் வரிசையாக நிற்கும் இடத்தில், ஒரு லாரியின் கிளீனர் தினமும் லாரிக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவே வழி மறித்து நிற்கிறான். பேர் கேட்கிறான், கோட்டைப் பிடித்து இழுக்கிறான். வீட்டில் சொன்னால் படிப்பு போய்விடும், அதனால் தண்டவாளம். இவ்வளவும் ஒரு பட்டன் தைக்கிற நேரத்தில் வந்துவிட்டது. "உங்களாண்டயும் சொல்லச் சொல்லி அதுவே சொல்ச்சு டீச்சர்" என்றார். என் மனசைக் குளிரவைக்கச் சொன்ன பொய்யோ என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் அதைக் கேட்க நிற்கவில்லை, வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டார்: "போலீசுக்கு லெட்டரு நீங்க எய்துங்கோ, உங்க தமிழு அங்க தான் செல்லும்."

நீங்கள் வேண்டாம்

லெட்டர் எழுதினேன். என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல மனு எழுதியதில்லை. தலைமையாசிரியை கையெழுத்தோடு நானே ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் சாயங்காலம் இரண்டு பெண் போலீசார் லாரி வரிசைக்கு வந்தார்கள். நந்தினி கை காட்டக்கூடத் தேவைப்படவில்லை, வழக்கமான இடத்தில் நின்ற ஆளை அப்படியே அள்ளிக்கொண்டு போனார்கள். அன்று முதல் விம்கோ நகர்ப் பிள்ளைகள் கூட்டமாகத்தான் ரோட்டில் போகிறார்கள், பின்னால் ஒரு டீச்சர் போகிறார்.

மிச்சம் இருந்தது நந்தினியின் அம்மா. நானும் வருகிறேன் என்று புதுப் புடவை கட்டிக்கொண்டு கிளம்பினேன். தெருமுனையில் செல்வராணி என்னை நிறுத்திவிட்டார். அவர் உள்ளே போய், எவ்வளவோ நேரம் பேசி, பெண்ணின் படிப்பை நிறுத்த மாட்டேன் என்று அந்த அம்மாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு வந்தார். அதுவரை அவருடைய கைப்பையையும் டிபன் கேரியரையும் பிடித்துக்கொண்டு ஒரு பெட்டிக்கடை வாசலில் நின்றேன். என்னை ஏன் உள்ளே விடவில்லை என்று கேட்டதற்கு அவர் சிரிக்காமல் சொன்னார்: "உங்க மூஞ்சியப் பாத்தா யாருக்கோ இன்னமோ ஆயிப்போச்சுன்னு அவங்கோ பயந்துடுவாங்கோ டீச்சர்."

அறிக்கை வாசித்தேன்

அறிக்கையில் செல்வராணியின் பெயரை எழுதினேன். பிறகு அடித்தேன். 'பள்ளியின் கூட்டு முயற்சி' என்று மாற்றினேன். ராத்திரி முழுக்க அந்த வரி உறுத்தியது, காலையில் மறுபடி பெயரை எழுதினேன். கூட்டத்தில் சத்தமாகவே வாசித்தேன். பெயர் வந்த இடத்தில் பிள்ளைகள் கைதட்டியது தெருவரைக்கும் கேட்டிருக்கும். என் பெயர் வந்த இடத்தில் மைக் கொஞ்சம் கொரகொரத்தது.

வாசித்து முடித்ததும் ஒரு அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்து, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நந்தினியின் அம்மா. கண் கலங்கியிருந்தது. எனக்கும் கலங்கிவிட்டது. போகட்டும், கடைசியில் ஒருத்தியாவது என்னைத் தேடி வந்தாளே என்று நானும் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நல்லா படிச்சீங்கோ மேடம். நீங்க ஆபீசுல வேல செய்றீங்களா? செல்வராணி டீச்சரு எங்க கீறாங்கோன்னு கொஞ்சம் காட்டுங்கோ, என் பொண்ணு உசுர காப்பாத்துனது அவங்கோ தான்."

காட்டினேன், பொறுப்பு என்னிடமும் பிள்ளைகள் அவரிடமும் இருக்கிறவரை எங்கள் பள்ளி பத்திரமாகத்தான் இருக்கும் என்று அறிக்கையிலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன், என் வயிற்றெரிச்சலைப் பதிவு செய்யத்தான் அந்த அறிக்கைப் படிவத்தில் ஒரு கட்டமும் இல்லை.